குதிரைவால் கூந்தல்

செத்தது ஒரு பழுப்புக் குதிரை.
கறி சமையற்காரனுக்கு,
தோல் ருஷ்யச் சிப்பாய்க்கு.
வாலை நான் கேட்டேன்.
"வாலில் என்ன சூப் வைப்பாய், வெண்டெல்?"
"சூப் இல்லை. ஒரு பெண் செய்ய வேண்டும்."

க்ராஸ்னயார்ஸ்க் கைதி முகாம். யுத்தத்தின் மூன்றாம் குளிர்காலம்.
வேலிக்கு அப்பால் யெனிசேய் ஆறு
கல்லாய்க் கிடந்தது.
வாயைத் திறந்தால் சொல்லுக்கு முன்னால் ஆவி வரும்.
படைக்கு வருமுன் நான் நாவிதன்;
ஆகவே நாடகக் கொட்டகை என் தலையில் விழுந்தது.

வாலை மூன்று தரம் கொதிநீரில் அலசினேன்,
லாய வாடை போகவில்லை.
கன்னத்துக்குப் பீட்ரூட்,
புருவத்துக்கு அடுப்புக்கரி.
ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி பதினாலு கஜம்
நீல மையில் முக்கிக் காயவைத்தால் பட்டு மாதிரிதான்,
தூரத்திலிருந்து பார்த்தால்.
தூரம் எங்களிடம் நிறைய இருந்தது.

லெப்டினன்ட் பெசெரேடி லோராந்த்.
காலிசியாவில் தோளில் குண்டு வாங்கியவர்,
முழங்கை வரை ரோமம்.
"மீசையைக் கடைசியாய் எடு," என்றார்,
"அது போனபின் உத்தரவு போட எனக்கு வராது."

முதல் இரவு
எல்லோரும் சிரிக்கத்தான் வந்தார்கள்.
சீழ்க்கை. ஊளை.
எவனோ ஒரு பூட்ஸை மேடைமேல் எறிந்தான்.
அவர் குனிந்து எடுத்தார்.
எடுத்த விதம் இருக்கிறதே!
தன் கைநழுவி விழுந்த கையுறை அது போலவும்
எடுத்துத் தர ஓடிவராத அவன்தான்
மரியாதை தெரியாதவன் போலவும்.
எறிந்தவன் எழுந்து நின்றான்
ஒற்றைக்கால் பூட்ஸோடு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு.
பிறகு அவன் வரிசை.
பிறகு அதற்குப் பின் வரிசை.

ஜெர்மன் பேசுகிறவர்களுக்குத்தான் திண்டாட்டம்.
நடித்தான் என்பதா நடித்தாள் என்பதா?
ஒரு கேப்டன் நாட்குறிப்பில்
அடித்து அடித்து எழுதிக் காகிதமே கிழிந்தது.
எங்கள் ஹங்கேரிய மொழியில் அந்தத் தொல்லை கிடையாது:
அவனுக்கும் அவளுக்கும் ஒற்றை எழுத்து.
உதட்டைக் குவித்தால் போதும்,
விளக்கை ஊதி அணைக்கக் குவிப்போமே, அப்படி.

தளபதியின் மனைவி கீரித்தோல் அங்கியில் வந்து பார்த்தாள்.
"இந்த நடை எங்கே கற்றது?"
"பதுங்குகுழியில், அம்மணி.
தலை நிமிர்ந்தால் சுடுவான்,
அவசரப்பட்டால் வழுக்கும்."
அடுத்த ஞாயிறு வேலிக்கு வெளியே
அதே நடையில் அவள் தேவாலயம் போனாள்.
காவல்காரன் குழம்பி
இரண்டு பக்கமும் சலாம் வைத்தான்.

தையில் ஜன்னிக் காய்ச்சல் வந்தது என்று
நீங்கள் சொல்வீர்களாயிருக்கும்;
எங்களுக்கு மாதமே இல்லை, பலகைக் கட்டில்கள் காலியாவதுதான் கணக்கு.
ஹோர்டோபாட்ஜ் சமவெளிப் பையன் ஒருவன்
இரண்டு இரவாய் அம்மாவைக் கேட்டான்.
மை இல்லை, பீட்ரூட் இல்லை, பட்டு கட்டுத்துணியாகவே திரும்பப் போயிருந்தது.
லோராந்த் கூந்தலை மட்டும் மாட்டிக்கொண்டு
அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.
இரண்டு வாரத் தாடி.
பையன் முகத்தைத் திருப்பி மோந்தான்.
"அம்மா, குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா?"
"காட்டியாச்சு," என்றார்.
குரலை மாற்றவில்லை.

ஊர் திரும்பி நாலு வருஷம்.
கொசெக்கில் என் கடைக்கு ஒருநாள் வந்தார்,
மீசை கனத்திருந்தது.
"ஓரம் மட்டும்."
கண்ணாடிக்குள் இருவரும்
திராட்சைக்கு இந்த மழை ஆகாது என்று பேசிக்கொண்டோம்.
எழுந்தவர் திரும்பிப் பாராமல்
கைகளைப் பின்னால் நீட்டினார்,
யாரோ மேல்கோட்டைப் பிடிப்பார்கள் என்று தெரிந்த மாதிரி.
பிடித்தேன்.
காத்திருந்த இரண்டு பேர்,
ஒருவன் பன்றி வியாபாரி,
ஏனென்று தெரியாமல் எழுந்து நின்றார்கள்.